நிலத்தை விற்றா பொறியியல் படிப்பு?

சம்பா நெல் விற்ற பணத்தில் மிச்சம் இருப்பதை எண்ணி, குறுவைக்கு விதை, உழவு, உரம் என்று கணக்குப் போட வேண்டிய சித்திரை, வைகாசி மாதங்களில்தான் பிளஸ் டூ முடித்த பிள்ளையின் மேற்படிப்புப் பேச்சும் விவசாயி வீட்டில் எழுகிறது. தனியார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று செய்தி வந்ததும், வீட்டில் முதலில் விலைபேசப்படுவது கிணற்றடி அரை ஏக்கர்தான். பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதற்காக நிலத்தை விற்பது தவறான காரியம். நிலம் போவது மட்டும் அல்ல, படிக்கப் போகும் பிள்ளைக்கும் அது கெடுதலாகவே முடிகிறது.

தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984-இல் அரசு அனுமதி கொடுத்தது. அதற்கு முன் கிண்டியிலும் கோவையிலும் மதுரையிலும் காரைக்குடியிலும் இருந்த சில கல்லூரிகளில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதே 1984-இல் வேலூர்ப் பொறியியல் கல்லூரி 180 மாணவர்களுடன் தொடங்கியது. தஞ்சைக்கு அருகே திருமலைசமுத்திரத்தில் சண்முகா கல்லூரியும், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும் அந்த ஆண்டில் வந்தவையே. முதல் இரண்டும் 2001-இலும், மூன்றாவது 2006-இலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆயின. கிராமத்துப் பிள்ளைகள் பலர் பொறியாளர் ஆனதற்கு இத்தகைய நிறுவனங்களும் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் நிகர்நிலை என்ற சொல்லின் பொருளை விவசாயிகளில் பலர் விசாரிப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி வேறு, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வேறு. நிகர்நிலை நிறுவனம் தானே மாணவர்களைச் சேர்க்கிறது, தானே தேர்வு வைத்துத் தானே பட்டம் தருகிறது. சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு விதிக்கும் வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வுக்குள்ளும் அது வராது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010-11 முதல் அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கே உரியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அதற்கும் கலந்தாய்வுதான் வழி. இந்தச் சலுகைகளை இழந்துவிட்டோம் என்று பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்ளும் தகப்பனார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதில் காலமும் விவசாயிக்கு எதிராக வேலை செய்கிறது. தனியார் நிறுவனங்களில் பல சித்திரை மாதத்திலேயே நுழைவுத் தேர்வை முடித்துப் பணம் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. அரசுக் கலந்தாய்வோ ஆனி, ஆடிக்கு மேல்தான். நடுவில் உள்ள அந்த இரண்டு மாதப் பயத்தில்தான் நிலம் கைமாறுகிறது. நல்ல விலைக்குக் காத்திராமல் களத்திலேயே நெல்லைத் தள்ளிவிடுவது போன்றதுதான் இது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையின் வீட்டார் கலந்தாய்வைப் பார்க்காமலே பணம் கட்டுவதற்கு அவசரத்தைத் தவிர வேறு நியாயம் கிடையாது. அப்படியே கட்டியிருந்தாலும், பல்கலைக்கழக மானியக் குழு அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. பணம் கட்டும்போதே அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது செலவுக் கணக்கு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா என்று விரல் நுனியில் வைத்திருக்கும் விவசாயி, படிப்பு விஷயத்தில் முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் துணிகிறார். செலவு நான்கு ஆண்டுக்கு உரியது. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.2 லட்சம், விடுதியும் சாப்பாடும் ரூ.1.25 லட்சம் என்று வைத்துக்கொண்டால் நான்கு ஆண்டில் ரூ.13 லட்சம். மடிக்கணினி, பஸ் செலவு, துணிமணி தனி. வேலூர் நிறுவனத்தில் நுழைவுத் தேர்வு வரிசைப்படி ஐந்து வகைக் கட்டணம் உண்டு. முதல் வகைக்கும் ஐந்தாவது வகைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே 'சீட்டு கிடைத்தது' என்று சொன்னால் போதாது, எந்த வகையில் கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

நிலத்தை விற்பதற்குப் பதில் வங்கியில் கல்விக் கடன் வாங்குவதே முறை. ரூ.4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. ரூ.7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதியின் பேரில் ஈடு இல்லாமல் தர வழி உண்டு. அதற்கு மேல் போனால் பல சமயம் சொத்து ஈடு கேட்பார்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்து ஆண்டும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான்கு சம பாகமாக ரூ.7.5 லட்சம் கடன் வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், தவணை தொடங்கும்போது பாக்கி ரூ.10 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ரூ.13,000-க்கு மேல் கட்ட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்டால், தகுதி பெற்ற நிறுவனங்களில் தொழிற்படிப்பு படிப்பவருக்குத் தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. வங்கிக்குப் போகும் விவசாயி இதைத் தானே வாய்திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, தகப்பனாரும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவதால், அவர் பேரில் டிராக்டர்க் கடனோ நகைக் கடனோ தவணை தவறிக் கிடந்தால் பிள்ளையின் கடனும் இழுபறியாகும்.

வேலைக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லப்படுகிறது. சாலை ஓரத்து விளம்பரப் பலகையில் ஒரு மாணவருக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தைப் போட்டிருப்பார்கள். பயிர் விளைச்சல் போட்டியில் முதல் பரிசு வாங்கியவரின் மகசூலைத் தன் வயலுக்கும் எழுதிக்கொள்ளும் விவசாயி உண்டா? கேட்க வேண்டியது வகுப்பில் நடுவில் இருக்கும் மாணவனின் சம்பளத்தை. தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள் இந்த நடுச் சம்பளத்தையும், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் கொடுத்தாக வேண்டும். பெரிய கணினிச் சேவை நிறுவனங்கள் புதுப் பட்டதாரிக்குத் தரும் சம்பளம் நெடுங்காலமாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் அளவிலேயே நிற்கிறது. சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போக, மேலே சொன்ன தவணையைக் கட்ட அந்தப் பிள்ளை திணறத்தான் செய்யும். கடனையும் அளவோடு வாங்க வேண்டும் என்பது இதனால்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று பேசப்படாமலே இருக்கிறது. வளாகத்துக்குள் போன பிள்ளை என்ன ஆகிறான் என்பதுதான் அது. நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று பச்சை பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் அனுபவசாலி வயலில் தண்ணீரை ஆழமாகக் கட்டாமல் இரண்டு சென்டிமீட்டர் அளவில் வைத்து, தினமும் ஒரு நடை போய்ப் பார்க்கிறார். பொறியியல் மாணவனுக்குப் பச்சை பிடிக்கும் காலம் முதல் இரண்டு பருவம், அதாவது ஓர் ஆண்டு. ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்தவன் அங்கே போய்ப் பார்த்தால் வகுப்பில் இருப்பவர் அத்தனை பேரும் ஏதோ ஓர் ஊரில் முதலாவதாக வந்தவர்கள். ஆந்திரா, கேரளா, வடநாடு என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவனுக்குக் கணக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்பது புரியாது. எழுந்து கேட்கவும் கூச்சம்.

படிப்பு முறையும் பள்ளியைப் போன்றது அல்ல. வேலூரில் எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எந்த நேரம் என்பதை மாணவனே தேர்ந்தெடுத்துக்கொள்கிறான். பட்டத்துக்குச் சுமார் 160 கிரெடிட் சேர்க்க வேண்டும். மதிப்பெண்ணை வகுப்பில் மற்றவர் எடுத்ததோடு ஒப்பிட்டுத் தரம் போடுகிறார்கள். ஆகவே ஐம்பது மதிப்பெண் ஒரு வகுப்பில் நல்ல தரமாகவும் இன்னொன்றில் மோசமானதாகவும் ஆகலாம். வருகை 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பொதுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து பழகிய பிள்ளைக்கு இது எல்லாம் புதிது. முதல் பருவத்தில் ஒரு தாள், இரண்டு தாள் அரியர் விழுவது சகஜம். அது பெரிய குற்றம் அல்ல. அடுத்த முறை எழுதித் தேறிவிடலாம்.

ஆனால் நிலத்தை விற்றுச் சேர்த்த பிள்ளை அதை வீட்டில் சொல்லமாட்டான். தன் படிப்புக்காகக் கிணற்றடி வயல் போனது அவனுக்குத் தெரியும். அம்மா இப்போது அடுத்தவர் வயலில் நடவுக்குப் போவதும் தெரியும். 'நன்றாகப் படிக்கிறேன்' என்று போனில் சொல்லிவிட்டு ஒளிப்பான். ஒரு அரியர் நான்காகும், நான்கு பத்தாகும். பிடிக்காத பாடப் பிரிவில் மாட்டிக்கொண்டாலும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வாய் வராது. சீனியர்கள் தொல்லை செய்தாலும் பொறுத்துக்கொள்வான். ராகிங்கைத் தடுக்க 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது என்பதை அவனுக்குச் சொல்லி அனுப்பியவர் யார்? விற்ற நிலத்தின் பாரம் பிள்ளையின் தலையில்தான் ஏறுகிறது. நிலம் இருக்கிறது, திரும்பி வந்தாலும் பாதகம் இல்லை என்ற தைரியம் உள்ள பிள்ளை தோல்வியை வெளியே சொல்கிறான், சொல்வதால் தேறுகிறான்.

தகப்பனார்கள் முதல் பருவத்தில் ஒரு தடவையாவது நேரில் போக வேண்டும். வேட்டியோடு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழையப் பலருக்கும் தயக்கம். கட்டணம் கட்டுகிறவருக்கு அங்கே போக முழு உரிமை உண்டு. வேலூர் போன்ற இடங்களில் ஒவ்வொரு மாணவனுக்கும் புராக்டர் என்று ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். அவரைப் பார்த்து, வருகை எவ்வளவு, நடுத் தேர்வில் என்ன மதிப்பெண் என்று கேட்டால் சொல்வார். தமிழிலேயே கேட்கலாம். பிள்ளையைக் கண்டிப்பதற்காக அல்ல, எந்தப் பாடத்தில் உதவி தேவை என்று தெரிந்துகொள்வதற்காகப் போக வேண்டும்.

மகனுக்கு நிலத்தை விற்கவும் துணியும் அதே வீட்டில், மகன் அளவுக்கே மதிப்பெண் எடுத்த மகளைப் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நிறுத்திவிடுவதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இது எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பது விளங்கவில்லை.

இடைத்தரகர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. விதைக்கு ரசீதும் லாட் எண்ணும் கேட்டு வாங்கும் விவசாயி, லட்சக் கணக்கில் ரொக்கமாக ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வருவது விந்தை.

பணம் இல்லை என்பதால் நல்ல நிறுவனத்தின் வாசலே மூடிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். வேலூர் நிறுவனம் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளியில் படித்து முதலிடம் பெறும் மாணவர், மாணவியைக் கட்டணம், விடுதி, சாப்பாடு எதுவும் வாங்காமல் படிக்க வைக்கும் திட்டம் வைத்திருக்கிறது. பத்தாவது முடித்து அரசு பாலிடெக்னிக்கில் குறைந்த கட்டணத்தில் மூன்று ஆண்டு டிப்ளமோ படித்துவிட்டு, பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. கைவேலை தெரிந்த இந்தப் பிள்ளைகள் பட்டறையிலும் ஆய்வுக்கூடத்திலும் மற்றவர்களை முந்திவிடுவதைப் பல ஆசிரியர்கள் சொல்லக் கேட்கலாம். விவசாயிகள் இந்த வழியை ஏனோ கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள்.

எந்த வழியானாலும் சான்றிதழ்கள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். தேர்வு முடிவு வந்த பின் எல்லோரும் ஒரே சமயத்தில் வரிசையில் நிற்பதால் தாலுகா அலுவலகத்தில் தாமதம் ஏற்படுகிறது. பிள்ளை பிளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பங்குனி மாதத்திலேயே, அறுவடை வேலை குறைந்த நேரம் பார்த்து, இந்த மனுக்களைக் கொடுத்துவிடலாம்.