கடலைக் காணும் கண்ணாடி

மன்னார் வளைகுடா என்றவுடனே நம்மவர்களுக்கு நினைவு வருவது முத்து. கொற்கை முத்தின் புகழ் ரோமாபுரி வரையில் சென்றது என்று சரித்திரம் படித்தவர்கள் பெருமையுடன் சொல்லுவார்கள். அதற்கு அடுத்தபடியாகச் சங்கு. இங்கே மூழ்கி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அந்நாட்டுச் சுமங்கலிகளின் கையில் வளையலாக விளங்கிற்று. ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் இந்தக் கடலுக்குள் இறங்கியதெல்லாம் எதையாவது எடுத்து வருவதற்காகத்தான். ஒன்றையும் எடுக்காமல், வெறுமே பார்த்துவிட்டு வருவதற்காகக் கடலில் இறங்கலாம் என்பது நமக்குப் புதிய எண்ணம்.

அதற்கு வேண்டிய உபகரணங்கள் சொற்பமே. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி ஒன்று; வாயில் கவ்விக் கொள்வதற்கு ஸ்நார்க்கெல் என்னும் வளைந்த குழாய் ஒன்று. மூச்சை அடக்கும் யோக சாதனை எதுவும் தேவையில்லை. நீர்மேல் குப்புறப் படுத்து மிதந்தால் போதும். வெறும் கண்ணுக்கு நீருக்கடியில் எல்லாம் மங்கலாகத் தெரிவானேன்? நம் விழியும் நீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதே காரணம். இரண்டுக்கும் நடுவில் சிறிது காற்று இருந்துவிட்டால் பார்வை தெளிந்து விடும். அந்தக் காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதே கண்ணாடியின் வேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். ஆகையால், கடலில் கண்ட மீனின் நீளத்தை யாராவது கை விரித்துக் காட்டினால், நேயர்கள் அதில் கொஞ்சம் கழித்துக் கொள்வது நல்லது.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல், 21 தீவுகள் மணி கோத்ததுபோல் அமைந்திருக்கின்றன. ஆள் குடியில்லாத சிறு மணல் தீவுகள். அவற்றைச் சுற்றிலும் பவழப் பாறைகள். பாறை என்று சொன்னாலும் அது உயிருள்ள பொருள். கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற பிராணிகள் தமக்குச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்று வளர்த்த மாளிகை அது. அவற்றின் உடலுக்குள்ளே நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, வாடகையாக ஒரு பங்கு கொடுக்கின்றன. மான் கொம்பு போலவும், மனித மூளை போலவும், மேசை போலவும் நூற்றுக்கு மேற்பட்ட பவழ இனங்கள் இங்கே உண்டு.

அந்த மாளிகையில் குடியிருப்பவர்களைக் கேட்பானேன்! கடற்சாமந்தியின் நச்சு இதழ்களுக்கிடையே அச்சமின்றி விளையாடுகிறது கோமாளி மீன். கிளி மூக்கு போன்ற வாயுடைய கிளிமீன், பாறையில் படிந்த பாசிக்காகப் பாறையையே கரும்பு போல் கடித்துத் தின்று, அதை வெண்மணலாக்கி வெளியே விடுகிறது. பவழத் தீவுகளின் மணலில் ஒரு பகுதி இந்த மீன்கள் அரைத்துக் கொடுத்த மாவுதான்! சற்றே தள்ளிக் கடற்புல் வெளிகள். அங்கே மேய்வது ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு. ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம் வளரும் இந்தச் சாதுப் பிராணி, குட்டிக்குப் பால் கொடுத்து வளர்ப்பது. மூச்சுவிட அடிக்கடி மேலே வருவது. பல ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டிதான் ஈனும். இறைச்சிக்காக மனிதர்கள் அதை வேட்டையாடியதன் பலனாக, இன்று கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. பக்கத்துப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.

தீவுகள் 21 என்றோம். கணக்கு அப்படி; கண்ணுக்குத் தெரிபவை 19 தான். விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்கும் வீடு கட்டுவதற்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுக் காலம் பவழப் பாறையைப் பெயர்த்து எடுத்ததும், கடல் மட்டம் உயர்வதும் இதற்குக் காரணங்கள் என்பர். அலையைத் தடுத்து நின்ற மதிலை நாமே இடித்துவிட்டால் வீடு எப்படி நிற்கும்? 1986-ல் அரசாங்கம் இப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கிற்று. 2001-ல் பவழத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. வெட்டும் தொழில் நின்றது. ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்படாத பகைவன் ஒருவன் இருக்கிறான், அவன் வெப்பம். நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவழம் தன் பாசிக் குடிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய வெளுப்பு இங்கே பெருமளவில் நேர்ந்தது.

இந்தக் கடலில் கண்ணாடி அணிந்து இறங்கும் கூட்டம் இன்னொன்று உண்டு. பாம்பன் அருகே சின்னப்பாலம் முதலிய ஊர்களின் மீனவப் பெண்கள், புடவையை இறுகக் கட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, மணிக்கணக்காக மூழ்கி மூழ்கி எழுந்து மரிக்கொழுந்துப் பாசி சேகரிக்கிறார்கள். கடற்பாசி என்று நாம் பாலில் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போடுகிறோமே, அந்தப் பண்டத்துக்கு மூலப்பொருள் அதுதான். அவர்களுடைய பாட்டிமாரும் செய்த தொழில் இது. பூங்கா ஏற்பட்ட பிறகு தீவுகளின் அருகே போனால் அபராதம் என்ற அச்சம் வந்து சேர்ந்தது. ஆயினும் அவர்கள் தாங்களே கூடிப் பேசி, அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்றும், இரும்புக் கருவியால் பாறையைச் சுரண்டுவதில்லை என்றும் தீர்மானம் செய்து கொண்டார்கள். எந்தச் சட்டசபையும் அவர்களுக்கு இயற்றிக் கொடுத்த விதி அல்ல அது.

பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடை வந்திராவிட்டால் இன்னும் சில தீவுகள் போயிருக்கும். ஆனால் காவலின் பாரம் முழுவதும் பாசி பறிக்கும் ஏழையின் தலையிலும், காட்சியின் இன்பம் முழுவதும் விடுமுறைக்குச் செல்லும் நம் பங்கிலும் விழுவது நியாயமாகுமா? அளவறிந்து எடுக்கத் தெரிந்த அந்தப் பெண்களையே கடலின் காவலர்களாக்கி, அதற்குக் கூலியும் கொடுத்தால் பவழமும் பிழைக்கும், அவர்களும் பிழைப்பார்கள்.

குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் செல்லும் நேயர்கள், அனுமதி உள்ள இடத்தில், பழகியவர் துணையுடன் அவசியம் ஒரு முறை கடலுக்குள் எட்டிப் பார்க்கட்டும். பவழத்தின்மேல் காலூன்ற வேண்டாம். ஒரு துண்டுகூட ஒடிக்க வேண்டாம். கரையில் யாராவது பவழக் கிளையை விலைக்கு நீட்டினால் வாங்கவும் வேண்டாம். குழந்தைகள் வெறுங்கையுடன் வீடு திரும்பட்டும். அவர்களுடைய பேரக் குழந்தைகளும் எண்ணிப் பார்ப்பதற்கு 19 தீவுகளாவது அங்கே இருக்க வேண்டும் அல்லவா?