சுவரோடு ஒட்டாத பிளக் தட்டு

கள வேலைக்குப் போகும்போது எங்கள் கையில் ஒரு படிவம் இருக்கும். கூரை, மலசலகூடம், குடிநீர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால் ஓரிடத்தில் “மின்சாரம் உண்டா?” என்று வரும். ஆம் அல்லது இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தாயின் வீட்டில் நானும் “ஆம்” என்று அடையாளமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனவள்தான். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மறைந்து கிடந்தது என்பதை இரண்டு மாதம் கழித்தே அறிந்துகொண்டேன்.

அந்தத் தாய் தன் நான்கு வயது மகளோடும் வயதான மாமியாரோடும் வாழ்கிறார். கணவர் இறந்து மூன்று வருடங்கள். தையல்தான் வருமானம். 2012இல் வடக்கு, கிழக்கில் வேலை தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வரவர, பயனாளிகள் தாங்களே மேசனைப் பிடித்துக் கட்டிய வீடுகள் அவை. பலரைப் போல இவர்களும் உட்சுவரைப் பூசாமலேயே குடிபுகுந்தார்கள். கைக்காசில் வயரிங்கை முதலில் செய்துகொண்டார்கள். பூச்சு வேலை, காசு சேரச் சேர, அறை அறையாக நடந்தது. சென்ற வருடம் தையல் மெசினுக்கு மோட்டர் பூட்டியபோது ஒரு புதிய பிளக் பொயின்ற் தேவைப்பட்டது. பூசி முடித்த சுவரை வெட்டி அதை வைத்தார்கள்.

இரண்டாம் தடவை போனபோதுதான் அந்தப் பொயின்றைப் பார்த்தேன். தட்டு சுவரோடு ஒட்டவில்லை. ஒரு பக்கம் சின்ன விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன்மேல் ஒட்டியிருந்த டேப் வெயிலில் காய்ந்து உரிந்து கிடந்தது.

“பூட்டின தம்பி, ‘ஒண்டும் செய்யாது அக்கா, பிறகு ஒருக்கா வந்து சரிபண்ணுறன்’ எண்டு சொன்னவர். நான் காசை முழுக்கக் குடுத்திட்டன். இப்ப போன் எடுத்தாலும் ஆள் வரேல்லை” என்றார் அந்தத் தாய்.

“கரண்ட் வந்ததே பெரிய காரியம் பிள்ளை. இந்த ஓட்டைக்குப் போய் ஆரோடை சண்டை பிடிக்கிறது?” என்றார் மாமியார்.

அதற்கு முதல் வாரம்தான் பேத்தி அந்த இடைவெளிக்குள் கொண்டை ஊசியைச் செருகியிருக்கிறாள். டக் என்று ட்ரிப் சுவிச் விழுந்தது. பிள்ளை பயந்து அழுததோடு போயிற்று. அந்த வீட்டில் ட்ரிப் சுவிச் இல்லாமலோ, இருந்தும் பழுதாகியோ இருந்திருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன்.

நான் சமூகவியல் படித்தவள். மின்சார வேலை தெரியாது. ஆகவே தொழிற்பயிற்சி பெற்று, அனுபவமும் உள்ள ஒரு அண்ணரை அழைத்துக்கொண்டு போனோம். அவர் மெயின் சுவிச்சை அணைத்தார். டெஸ்டரை மட்டும் நம்பாமல், பொயின்றில் ஒரு விளக்கையும் செருகி எரியவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகுதான் தட்டைக் கழற்றினார். டோர்ச் பிடித்தது அந்தத் தாய்.

சுவருக்குள் பதிக்கும் பெட்டியைச் சன்க் பொக்ஸ் என்பார்கள். வயர்கள் அதற்குள் அடங்க, தட்டு அதன் வாயை மூடி, விளிம்பால் சுவரில் அமர வேண்டும். ஒற்றைத் தட்டு 86 மில்லிமீற்றர் சதுரம். பெட்டி அதைவிட ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் சிறியது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீற்றர் அளவுதான் தட்டுக்குச் சுவரில் பிடிப்பு. அந்தச் சிறிய விளிம்பில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

தையல் மெசின் பக்கத்துப் பெட்டி பூச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்லைப் போதிய ஆழம் வெட்டாமல், அவசரத்தில் பெட்டியைச் செருகி சீமெந்து அப்பியிருக்கிறார்கள். “பெட்டி வெளியிலை நிண்டால் எவ்வளவு இறுக்கினாலும் தட்டு சுவருக்கு வராது. இறுக்க இறுக்க வெடிக்கும்” என்றார் அண்ணர். வேறு வழியில்லை. பெட்டியைக் கழற்றி, குழியை ஆழமாக்கி, ரசமட்டம் பிடித்து, பெட்டியின் வாய் பூச்சைவிட ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்ளே நிற்கும்படி ஆணியடைப்பான் வைத்துத் திருகினார். சுற்றிலும் சீமெந்துக் கலவை பூசி, இரண்டு நாள் காயவிட்டே தட்டைப் பூட்டினார்.

அப்போது அந்தத் தாய் சுவரில் தொங்கிய கலண்டரைத் தூக்கிக் காட்டினார். “இதையும் ஒருக்காப் பாருங்கோ அண்ணை.” அதன் பின்னால் இன்னொரு பொயின்ற், தட்டு சரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அங்கே பிழை நேர்மாறானது. பூச்சுக்கு முன்னர் வெறுங்கல்லுக்குச் சமமாக வைத்த பெட்டி, பின்னர் வந்த பூச்சினால் அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. திருகாணி எட்டாமல் ஒரேயொரு புரியில் தொங்கியது. இதற்குச் சுவரை உடைக்கத் தேவையில்லை. 3.5 மில்லிமீற்றர் திருகாணியில் நீளமானதை வாங்கி, முனை வயரில் முட்டாதபடி அளவுக்கு வெட்டிப் பூட்டினால் போதும். ஆனால் பெட்டியைச் சுற்றிப் பூச்சு உடைந்து, குழியின் வாய் அகன்றிருந்தது. முதலில் அதை அடைத்துச் சமப்படுத்தினார். இல்லாவிட்டால் தட்டின் விளிம்புக்கு அமர இடம் ஏது?

உள்ளே வயர் அளவுக்கு மிஞ்சிச் சுருண்டு கிடந்தாலும் தட்டு முன்னால் தள்ளப்படும். நீளத்தைக் குறைத்து, மடித்து உள்ளே வைக்க வேண்டும். 13 அம்பியர் பொயின்றுக்கு 35 மில்லிமீற்றர் ஆழமுள்ள பெட்டி வசதியானது. இரண்டு திருகாணிகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, தட்டு சுவரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

இடைவெளி அழகுக் குறை மட்டுமல்ல. அதனூடாக எறும்பும் பல்லியும் போகும், ஈரமும் போகும். ஆடும் தட்டில் ஒவ்வொரு முறை பிளக்கை இழுக்கும்போதும் பின்னாலுள்ள வயர் முடிச்சுகள் தளரும். தளர்ந்த இடம் சூடேறும், கருகும்.

இப்போது இந்த வேலை எல்லா ஊர்களிலும் நடக்கிறது. 13 அம்பியர் சதுரமுனைப் பிளக் நாட்டின் நியமமாக்கப்பட்ட பிறகு, பழைய வட்டமுனைப் பொயின்றுகளைக் கழற்றிப் புதியவற்றைப் பதிக்கிறார்கள். பழைய 5 அம்பியர் பொயின்றின் மெல்லிய வயரை அப்படியே விட்டுவிட்டுப் புதிய தட்டை மட்டும் பூட்டுவது ஆபத்து. அயன்பொக்ஸ் போட்டால் அந்த வயர் தாங்காது. வயரையும் மாற்றுகிறார்களா என்று கேளுங்கள்.

சகோதரிகளே, திருகாணியைக் கையிலெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் பார்ப்பதும் கேட்பதும் நம்முடைய வேலை. வேலை முடிந்ததும் ஒரு கலண்டர் மட்டையை எடுத்துத் தட்டின் நாலு பக்கமும் செருகிப் பாருங்கள். நுழையக் கூடாது. ஒரு பிளக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். தட்டு ஆடக் கூடாது. இந்த இரண்டும் சரியென்றால் மீதிக் காசைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் குறை சொன்னால் “சின்ன விஷயத்துக்கெல்லாம் கரைச்சல் குடுக்கிறா” என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் ஓட்டையைக் கலண்டரால் மூடுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருக்கும் இடைவெளி சின்ன விஷயமல்ல.

அந்த அண்ணருக்குக் காசு கொடுக்கும் முன்னர் அந்தத் தாய் மட்டையால் நாலு பக்கமும் பார்த்தார். ஒரு மூலையில் நுழைந்தது. “அண்ணை, இதிலை போகுது” என்றார். அவர் கோபிக்கவில்லை. சிரித்தபடி தட்டைக் கழற்றி, அந்த மூலையில் தடித்திருந்த பூச்சை அரத்தால் ராவி, திரும்பவும் பூட்டினார்.

இப்போது என் படிவத்தில் “மின்சாரம்: ஆம்” என்று அடையாளமிட்டாலும், பக்கத்து வெற்றிடத்தில் தட்டு ஒட்டியிருக்கிறதா, ட்ரிப் சுவிச் விழுகிறதா என்று இரண்டு வரி எழுதிவிட்டே எழும்புகிறேன். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.