ஆர்.ஓ. கொட்டும் குடிநீர்

வீட்டுக்கு வரும் வாட்டர் பியூரிஃபையர் விற்பனையாளர் பையிலிருந்து முதலில் எடுப்பது கம்பிகள் வைத்த ஒரு சின்ன மின்கருவி. ஒரு டம்ளரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். ஆர்.ஓ. டம்ளரில் ஒரு மாற்றமும் இருக்காது. "இதைத்தான் மேடம் இத்தனை நாளா குழந்தைக்குக் குடுத்துட்டிருந்தீங்க" என்பார். பிறகு பேச மிச்சமிருப்பது தவணை எத்தனை மாதம் என்பது மட்டும்தான்.

அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. சந்தேகம் இருந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டிடிஎஸ் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சுத்தம் என்ற நம்பிக்கை நம் சமையலறைகளில் இப்படித்தான் குடியேறியது. டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை. அதிலிருந்து கரைந்திருக்கும் உப்பைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. கிருமி அதற்குத் தெரியாது. காலரா கிருமி உள்ள மழைநீரில் வைத்தால் நல்ல எண்ணைக் காட்டும். இளநீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் ஏறும். அதற்காக யாரும் இளநீரைக் கீழே கொட்டுவதில்லை.

குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்தின்படி, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டிடிஎஸ் இருந்தால் கேள்வியே இல்லை. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரைகூட அனுமதி உண்டு. ஆனால் வீட்டில் 300 உள்ள தண்ணீரை 30-க்கு இறக்கிவிட்டுப் பெருமைப்படுகிறோம். சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரைக் கொட்டுகிறது. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் பிடித்தால் 60 லிட்டர் சிங்க்கில் போகும். வருடத்துக்கு 21,900 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு ஏறக்குறைய இரண்டு லோடு. நூறு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இப்படி தினமும் அரை லாரி போகிறது. கோடையில் அதே அடுக்ககத்தின் வாசலில் லாரி நிற்கும்.

கொட்டும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கணக்குப் போட்டால்தான் வயிறு எரிகிறது. உள்ளே போவது 300, வெளியே வரும் ஒரு பங்கு 30 என்றால், கழிவு என்று போகும் மூன்று பங்கின் டிடிஎஸ் 390. அதுவும் 500-க்குள்தான்! உப்புக் கணக்கில் பார்த்தால், குடிக்கத் தகுந்த தண்ணீரைத்தான் சாக்கடைக்கு அனுப்புகிறோம். அதோடு விடவில்லை. உப்பையெல்லாம் எடுத்துவிட்ட தண்ணீர் சப்பென்று இருப்பதால் "மினரல் காட்ரிட்ஜ்" என்று ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். எடுப்பதற்கு ஒரு காசு, திரும்பப் போடுவதற்கு ஒரு காசு.

டிடிஎஸ் 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வுக்குத் தடை விதிக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட விற்பனையாளர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் இருப்பது சகஜம். நல்ல தண்ணி சிறுவாணி. அதன் ருசியைச் சொல்லிப் பெருமைப்படாத கோவைக்காரர் இல்லை. அந்தச் சிறுவாணியை ஆர்.ஓ.வில் விட்டுக் குடிக்கும் வீடுகளும் அதே ஊரில்தான் இருக்கின்றன. தென்சென்னையில் இன்னும் விசேஷம். நெம்மேலியில் கடல்நீரை உறிஞ்சி, பெரிய பெரிய மெம்பிரேன்களில் அழுத்தி, மின்சாரத்தைக் கொட்டி உப்பு நீக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். ஒரு முறை ஆர்.ஓ.வில் வடிகட்டிய அந்தத் தண்ணீரை வீட்டில் மறுபடி ஆர்.ஓ.வில் விட்டு முக்கால் பங்கைக் கொட்டுகிறோம்.

இதில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது ‘கிரீன் ஹோம்’ விளம்பரங்கள். கூரையில் சோலார், கழிப்பறையில் இரட்டை பட்டன் ஃப்ளஷ், கூடவே ஒவ்வொரு சமையலறையிலும் இலவச ஆர்.ஓ. பெரிய பட்டனுக்குப் பதில் சின்ன பட்டனை அழுத்தினால் மிச்சமாவது மூன்று லிட்டர். சமையலறை மெஷின் ஒரு நாளில் கொட்டுவதை ஈடுகட்ட இருபது முறை சின்ன பட்டனை அழுத்த வேண்டும்.

"கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கிறோமே" என்பார்கள். பிடிப்பவர்களுக்கு வணக்கம். ஆனால் 60 லிட்டரில் தினமும் துடைக்கிற அளவு வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் அந்த மெல்லிய குழாயின் நுனி சிங்க்கிலேயேதான் தொங்குகிறது.

ஆர்.ஓ.வே கூடாது என்று நான் சொல்லவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பை முறுக்கியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் போர்த் தண்ணீர்தான் கதி என்றால் மெஷின் வேண்டும். கடலோரத்தில் வாயில் வைக்க முடியாத போர்த் தண்ணீருக்கும் வேண்டும். மற்ற இடங்களில் நம் பயமெல்லாம் கிருமி, சாக்கடைக் கலப்பு பற்றியது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கேஸ் செலவு உண்டுதான். அது கட்டாது என்றால் யூவி இருக்கிறது, கலங்கலில்லாத தண்ணீருக்கு அது போதும், ஒரு சொட்டும் வீணாகாது. சாக்கடையே கலந்து வந்தால் குழாயைத்தான் சரி செய்யச் சொல்லிச் சண்டை போட வேண்டும். ஆளுக்கொரு மெஷின் வாங்கியதும் அந்தச் சண்டையைப் போட ஆளில்லாமல் போனது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. கட்டணம் கட்டி ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் அறிக்கை தருவார்கள். அதில் டிடிஎஸ்ஸோடு ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எல்லாவற்றையும் பாருங்கள். எல்லாம் வரம்புக்குள் இருந்தால், மெம்பிரேன் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் ஆள் போன் செய்யும்போது அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.