முன்னே நடந்தவர்களின் தடம்



ஊர் பார்க்கப் போவது என்றால் கண்டி, நுவரெலியா என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்கு வான் பிடிக்க வேண்டும், காசு சேர்க்க வேண்டும். எங்கள் தாராபுரத்தில் வீதிக்கு வந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் மன்னார் நகரம், மறுபக்கம் தலைமன்னார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, பொழுதுபட முன்னர் வீடு திரும்பலாம்.

முதலில் பள்ளிமுனைப் பெருக்கமரம். சுற்றளவு 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர்தான். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1477 இல் நடப்பட்டதாக அங்குள்ள பலகை கூறுகிறது. நகர வாசலில் உள்ள கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560 இல் கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தனர்.

அடுத்தது தலைமன்னார். இறங்குதுறைக்கு 1914 இல் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் வரத் தொடங்கின. அதற்கு முன்னர், 19 ஆம் நூற்றாண்டில், தோணிகளில் இக்கரைக்கு வந்த இந்தியத் தொழிலாளர்கள் கோப்பித் தோட்டங்களைத் தேடி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். பெண்களும் நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். மலையகத்தை உருவாக்கிய அந்த முன்னோடிகளை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் நிறைவுற்றது.

கோட்டை கட்டியவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டைக் கடந்த பெண்ணின் பெயரை எழுதிவைக்க ஆள் இருக்கவில்லை. நம் கதையும் அப்படிப் போய்விடக் கூடாது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, இத்தீவிலிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போனோம். முகாமில் ஓலைக் கொட்டில் கட்டி, வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் தாய்மார். போர் 2009 இல் முடிந்தபின் பற்றைக்காடு மண்டிய வளவைத் துப்புரவாக்கி மீண்டும் அடுப்பு மூட்டியவர்களும் அவர்களே. இவர்களும் முன்னோடிகள்தான். ஆனால் புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாராபுரம் என்பது உம்மம்மாவின் ஊர் மட்டுமே. உம்மம்மாமாரும் ஒவ்வொருவராக நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். பெருக்கமரத்தையும் இறங்குதுறையையும் காட்டுங்கள். அதோடு எந்தக் கரையில் படகேறினோம், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், பழைய வீடு எங்கே இருந்தது என்பதையும் காட்டுங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். மூத்த பெண்கள் சொல்வதைப் பெயரோடும் வருடத்தோடும் பிள்ளைகளே எழுதட்டும். அயற்கிராமத்துத் தமிழ்ச் சகோதரிகளிடமும் கேளுங்கள். அவர்களிலும் பலர் படகேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் இருந்து திரும்பியவர்கள்.

இதற்குச் செலவு பஸ் காசும் ஒரு கொப்பியும்தான். சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.