கனெக்ஷனை மூடினீங்களா?

போன வருஷம் நம்ம சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் சைட் எழுதினது நான்தான். ஜாவா, போஸ்ட்கிரஸ், நடுவுல ஹிகாரி கனெக்ஷன் பூல். ரிவ்யூல அழகா ஓடுச்சு. சிம்போசியத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் மொத்தமா நின்னு போச்சு. ரீஸ்டார்ட் பண்ணா ஓடும், கொஞ்ச நேரத்துல திரும்ப நிக்கும். ராத்திரி முழுக்க ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருந்தேன். சிரிக்காதீங்க, உங்க ப்ராஜெக்ட்லயும் இதே தப்பு இருக்கலாம்.

காரணம் இதுதான். ஹிகாரி பூல்ல நாம எதுவும் மாத்தலேன்னா 10 கனெக்ஷன்தான் இருக்கும். வேலை முடிஞ்சதும் குளோஸ் பண்ணினா அது பூலுக்குத் திரும்பிடும். நான் குளோஸை மெத்தடோட கடைசி வரியில எழுதியிருந்தேன். "இடம் நிரம்பிவிட்டது"ன்னு எக்ஸெப்ஷன் வந்தா கடைசி வரிக்கே போகாது, அந்தக் கனெக்ஷன் போனது போனதுதான். பத்து பேருக்கு இடமில்லைன்னு சொன்னதும் பூல் காலி. பதினோராவது ஆள் 30 செகண்ட் காத்திருந்துட்டு எரர் வாங்கிட்டுப் போவார். ட்ரை-வித்-ரிசோர்சஸ்னு ஒண்ணு 2011-ல வந்த ஜாவா 7-லயே இருக்கு. எக்ஸெப்ஷன் வந்தாலும் அதுவே மூடிடும். நாம இன்னும் பழைய லேப் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதறோம்.

இதை விட எனக்கு வலிச்சது அடுத்தது. ஒர்க்‌ஷாப்புக்கு 30 இடம். முதல்ல மீதி இடத்துல ஒண்ணைக் குறைக்கணும், அப்புறம் பேரைச் சேர்க்கணும். கல்லூரிப் பேருக்கு நான் விட்டிருந்தது 50 எழுத்து. சில கல்லூரிப் பேர் அதுக்குள்ள அடங்குமா? இரண்டாவது ஸ்டெப் தோத்துடுச்சு. ஆனா ஜேடிபிசி-ல ஆட்டோ கமிட் தானாவே ஆன்ல இருக்கும், ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டும் அப்பப்ப தனித்தனியா கமிட் ஆயிடும். இடம் குறைஞ்சது குறைஞ்சதுதான். சைட் "ஃபுல்"னு காட்டுச்சு, லிஸ்ட்ல 23 பேர்தான். வெளியூர்ல இருந்து வந்தவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு, உள்ள ஏழு நாற்காலி சும்மா கிடந்துச்சு. ஆட்டோ கமிட்டை ஆஃப் பண்ணி, ரெண்டும் முடிஞ்சா கமிட், இல்லேன்னா ரோல்பேக்னு நாலு வரி எழுதியிருந்தா போதும்.

"ஸ்பிரிங் போட்டா அதுவே பாத்துக்கும்"னு சொல்ற நண்பர்கள் நிறைய. பாத்துக்கும், பாதி. மெத்தட் மேல ட்ரான்சாக்‌ஷனல்னு போட்டாலும், ரன்டைம் எக்ஸெப்ஷனோ எரரோ வந்தாத்தான் ரோல்பேக் ஆகும். நீங்களே எக்ஸெப்ஷன் கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ணி ஒரு செக்டு எக்ஸெப்ஷனை வீசினா, ரோல்பேக்-ஃபார்னு தனியா சொல்லாதவரை கமிட் ஆயிடும். அதே கிளாஸுக்குள்ள இருந்து அந்த மெத்தடைக் கூப்பிட்டா ப்ராக்ஸி வழியா போகாது, ட்ரான்சாக்‌ஷனே ஆரம்பிக்காது. அப்புறம், ட்ரான்சாக்‌ஷன் நடுவுல பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடாதீங்க. அது பதில் சொல்ல 5 செகண்ட் ஆனா, 10 கனெக்ஷனை வெச்சு செகண்டுக்கு ரெண்டு பேரைத்தான் கவனிக்க முடியும்.

ஆசிட் ப்ராப்பர்ட்டீஸை 13 மார்க்குக்கு நாம எல்லாரும் எழுதியிருக்கோம், பேங்க் உதாரணத்தோட, படம் போட்டு. ஆனா ரிவ்யூல கேக்கறது "லாகின் பேஜ் இருக்கா, சார்ட் வருதா"ன்னுதான். "ரெண்டாவது ஸ்டெப் தோத்தா முதல் ஸ்டெப் என்ன ஆகும்?"னு ஒருத்தர் கூட என்னைக் கேக்கல. ஸ்டாஃப் கேக்கணும்னு நான் நினைக்கிறேன். அவங்க கேக்கலேன்னா டீம்ல நாமளே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கணும்.

இன்னிக்கு ராத்திரி உங்க ப்ராஜெக்ட்ல பூல் சைஸை 2-ன்னு மாத்துங்க. வேணும்னே தப்பான இன்புட்டை மூணு தடவை அனுப்புங்க. மூணாவது தடவை பேஜ் 30 செகண்ட் சுத்திக்கிட்டே நின்னா, குளோஸ் எந்த வரியில இருக்குன்னு தேடுங்க.