பட்டாளத்தாருக்கும் கணக்குக் காட்டுங்கள்

நாட்டைக் காத்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி ஆண்டுக்கு ஒருமுறை, கொடி நாளன்று எழுகிறது. உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடியைக் குத்திக் கொண்டதும் அடங்கி விடுகிறது. நான் கேட்க விரும்புவது வேறொன்று. முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்திற்கென்று அரசு செலவிடும் பணம் அவர்களுடைய மருத்துவத்திற்குத்தான் போகிறதா? அதைக் கவனிக்க வேண்டியவர் யார்?

வேலூர்ப் பக்கத்தாருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைக்கும் வட்டாரம் இது. எங்கள் தெருவில் மட்டும் ஓய்வு பெற்ற பட்டாளத்தார் ஐந்து பேர். என் தாத்தா அவர்களுள் ஒருவர். 1989-இல் ஹவில்தாராக ஊர் திரும்பியவர்.

இவர்களுக்காக 2003 ஏப்ரல் 1 முதல் நடந்து வருவது முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். 'இ.சி.எச்.எஸ்.' என்றால்தான் ஊரில் புரியும். இதை அரசின் தர்மம் என்று எண்ணுவோர் உண்டு. பெயரிலேயே பங்களிப்பு இருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. 2017 டிசம்பரில் வகுக்கப்பட்ட விகிதப்படி ஹவில்தார் வரையில் உள்ளவர்கள் 30,000 ரூபாய், சுபேதார் நிலையினர் 67,000 ரூபாய், அதிகாரிகள் 1,20,000 ரூபாய் என ஓய்வு பெறும்போது ஒரே தவணையாகச் செலுத்துகிறார்கள். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. படுக்கையும் அந்த வரிசைப்படியே. நோய்க்குப் பதவி தெரியாது, வார்டுக்குத் தெரிகிறது! அது தனிக் கட்டுரைக்கு உரியது.

நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இத்திட்டத்தின்கீழ் உள்ளன. அங்கே பார்க்க முடியாத நோயென்றால், ஒப்பந்தம் செய்து கொண்ட தனியார் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை. மருத்துவமனை அனுப்பும் பில்லைச் சரிபார்க்கும் வேலை, 2012-இல் தொடங்கி, நமக்கெல்லாம் பான் அட்டையால் தெரிந்த யு.டி.ஐ. நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் திட்டத்தின் அலுவலகம் பணம் அனுப்பும். ஆக, சிகிச்சை ஒப்பந்தம், சரிபார்ப்பு ஒப்பந்தம், பாலிகிளினிக்கில் நாடி பார்க்கும் டாக்டரும் மருந்து எடுத்துக் கொடுப்பவரும்கூட ஒப்பந்தத்தில் வந்தவர்களே. இத்தனை ஒப்பந்தங்களுக்கு நடுவில் நோயாளி எங்கே இருக்கிறார்?

சென்ற ஆண்டு தாத்தா ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார். வீடு திரும்பும் அன்று, ஆங்கிலத்தில் அச்சடித்த ஏழெட்டுத் தாள்களை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். தாத்தா எட்டாம் வகுப்போடு பட்டாளத்துக்குப் போனவர். அப்பாவுக்கு அதுவும் இல்லை. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால் தாள்களுக்குக் கை நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக் கொண்டே, "இது உங்களுக்கு இல்ல தம்பி, கவர்மெண்டுக்குப் போறது. பெரியவர் கையெழுத்து மட்டும் போதும்" என்றார். தாத்தா வரிசையாகப் போட்டுக் கொடுத்தார். நீட்டிய தாளில் கையெழுத்திடுவது அவருக்குப் பட்டாளத்திலேயே பழகிப் போன ஒன்று.

அந்த பில்லில் பொய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் நான்கு நாள் என்று எழுதினார்களா, ஆறு நாள் என்று எழுதினார்களா என்பதைச் சொல்லத் தகுதியுள்ள ஒரே சாட்சி அந்தப் படுக்கையில் கிடந்தவர்தானே? அவரிடம் கையெழுத்தை வாங்கிக் கொண்டு கணக்கை மறைத்தால், பிறகு எத்தனை பேர் சரிபார்த்து என்ன?

தணிக்கையே இல்லை என்று கூற முடியாது. தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி இத்திட்டத்தை ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டின் 51-ஆம் எண் அறிக்கையை அளித்தார். பாலிகிளினிக்குகளில் மருந்துத் தட்டுப்பாடு, பில்களைத் தீர்ப்பதில் தாமதம், மருத்துவமனைகளுக்கு மிகையாகக் கொடுத்த தொகை எல்லாம் அதில் உண்டு. நல்ல அறிக்கைதான். ஆயினும் தணிக்கையாளர் பார்ப்பது தாளை. அதுவும் ஆண்டு சில கழிந்த பிறகு. தாளில் ஊசி போட்டதாக இருந்தால் போட்டதுதான்.

மருத்துவமனைகள் எல்லாம் கொள்ளைக் கூட்டம் என்று மேடையில் முழங்குவது எளிது. அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் கட்டணம். 2014-இல் நிர்ணயித்த கட்டணங்களில் பெரும்பாலானவை 2025 அக்டோபர் வரை மாறாமல் இருந்தன. பதினோரு ஆண்டில் ஒரு கிலோ அரிசியின் விலை என்ன ஆயிற்று? அந்தப் பழைய கட்டணமும் உரிய நாளில் வருவதில்லை. பாக்கி ஏறி, 'இனிமேல் காசு கட்டித்தான் சேர வேண்டும்' என்று மருத்துவமனைகள் கைவிரித்த ஊர்கள் பல. கணிதம் படிக்கும் எனக்கு இது எளிய கணக்காகத் தெரிகிறது. கட்டணம் குறைவு, பணம் தாமதம் என்றால் நேர்மையானவன் முதலில் விலகுவான். விலகாமல் நிற்பவருள், இரண்டு நாளை நான்கு நாளாக்கத் தெரிந்தவனுக்கே கட்டுப்படியாகும். தாமதத்தைச் சிக்கனம் என்று எண்ணும் அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இக்கதை உண்டு. 1921-இல் அங்கே முன்னாள் வீரர்களுக்கென ஒரு துறை அமைத்தார்கள். அதன் முதல் இயக்குநர் சார்லஸ் ஃபோர்ப்ஸ் மருத்துவமனைக் கட்டட ஒப்பந்தங்களில் அரசை ஏமாற்றச் சதி செய்தார் என்று 1925-இல் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நூறு ஆண்டு ஆகியும் தொல்லை தீரவில்லை. 2018-இல் செர்னர் நிறுவனத்தோடு, நோயாளிக் குறிப்புகளைக் கணினியில் ஏற்ற ஏறத்தாழ 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மருத்துவர் எழுதிய ஆயிரக்கணக்கான உத்தரவுகள் உரிய பிரிவுக்குப் போகாமல் கணினிக்குள்ளேயே தேங்கின. 2022-இல் இதை அறிவித்தது பத்திரிகை அன்று. அத்துறைக்குள்ளேயே தனி அதிகாரத்தோடு இயங்கும் தலைமை ஆய்வாளரின் அலுவலகம். 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்று எண்ணிச் சொன்னது. அங்கே தவறு நடக்கவில்லை என்பதற்காக அன்று, வீட்டுக்குள்ளேயே ஒரு காவல்காரனை வைத்து அவன் சொல்வதை ஊரறியப் போடுகிறார்கள் என்பதற்காகவே இதைக் கூறுகிறேன்.

நமக்கு அவ்வளவு பெரிய அலுவலகம் உடனே வேண்டாம். எத்தனை நாள் படுக்கை, என்னென்ன சோதனை, எத்தனை ஊசி, மொத்தம் எவ்வளவு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி நோயாளியிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். அரசு பணம் கொடுத்ததும் இவ்வளவு கொடுத்தோம் என்று அவர் கைப்பேசிக்குச் செய்தி வரட்டும். சந்தேகம் இருந்தால் சொல்ல, ஒவ்வொரு பாலிகிளினிக்கிலும் முன்னாள் படைவீரர் சங்கத்தார் இருவர் மாதம் ஒருநாள் உட்காரட்டும்.

வயதானவர்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்பார்கள். என் தாத்தா கடைசி ஆறு ஆண்டுகள் படைப்பிரிவின் ஸ்டோரில் வேலை பார்த்தவர். போர்வை, தட்டு, மக் எல்லாவற்றையும் மாதாமாதம் எண்ணிப் பேரேட்டில் கையெழுத்திட்டிருக்கிறார். ஒரு போர்வை குறைந்ததற்கு ஒருமுறை சம்பளத்தில் பிடித்தார்களாம்.