கேள்வி இரண்டு, விடை ஒன்று

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். ஆனால் வீட்டில் யாருக்காவது சீலியாக் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

போன வாரம் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "சார், மருமகளுக்கு சீலியாக் டெஸ்ட் எழுதியிருக்காங்க. உங்க பேத்திக்கு எந்த லேப்ல எடுத்தீங்க? பேரு சொல்லுங்க, அங்கேயே போயிடறோம்" என்றார். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

என் மகள் குடும்பம் ஆறு வருடம் ஹரியானாவில் இருந்தது. பேத்தி நடக்கத் தொடங்கியதிலிருந்து ரொட்டியும் பரோட்டாவும்தான் அவள் சாப்பாடு. மாப்பிள்ளைக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்து இங்கே வந்தபோது அவளுக்கு எட்டு வயது. பார்க்க ஆறு வயதுக் குழந்தை மாதிரி இருந்தாள். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது, ரத்தம் ஏறவே இல்லை. "எங்க வீட்டு வாகே அப்படித்தான்" என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டினேன்.

இங்கே பார்த்த குழந்தை மருத்துவர் கெட்டிக்காரர். எங்கே வளர்ந்தாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரை அரித்துவிடும், அப்புறம் இரும்புச்சத்து எங்கிருந்து உள்ளே போகும் என்று பொறுமையாக விளக்கினார். சீட்டில் இரண்டு பரிசோதனை எழுதினார். ஒன்று டி.டி.ஜி. ஐஜிஏ. இரண்டாவது டோட்டல் ஐஜிஏ.

வீட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட லேப். "சீலியாக் பேக்கேஜ்" என்று தள்ளுபடி விலையில் இருந்தது. எடுத்தோம். நான்காம் நாள் போனில் ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ் என்று தடித்த எழுத்தில் இருந்தது. வீடே குளிர்ந்தது. மனைவி அன்று சாயங்காலம் ரவா கேசரி கிளறினாள். பேத்தி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். ரவையும் கோதுமைதான் என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை. நெகட்டிவ் என்றபின் உறைக்கத் தேவையும் இல்லையே. "எதுவும் இல்லேன்னு வந்துடுச்சே, எதுக்குத் திரும்ப டாக்டர்?" என்று ரிப்போர்ட்டை அவரிடம் காட்டவும் இல்லை.

ஒரு வருடம் போனது. உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. இந்த முறை வேறு ஊரில், குடல்நோய் மருத்துவரிடம் போனோம். அவர் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "டோட்டல் ஐஜிஏ எங்கே?"

சீட்டில் இருந்தது. ரிப்போர்ட்டில் இல்லை. இரண்டும் ஒரே ஃபைலில், அடுத்தடுத்த பக்கத்தில், ஒரு வருடமாக இருந்திருக்கின்றன.

ப்ளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் பல வருடம் எஸ்.ஓ.வாக உட்கார்ந்தவன் நான். வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: திருத்தாமல் விட்டுப்போன விடை இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்க்கிற வேலை அது. ஊரார் பிள்ளைகளின் தாளில் ஒரு மார்க் விட்டுப்போனால் கண்டுபிடித்தவன், சொந்தப் பேத்தியின் தாளில் கேள்வி இரண்டு, விடை ஒன்று என்பதைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்த இரண்டாவது பரிசோதனை எதற்கு என்று பலருக்கும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஐஜிஏ என்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகை. சீலியாக் இருந்தால் அந்த வகையில் ஒரு குறிப்பிட்ட புரதம் கூடும். டி.டி.ஜி. பரிசோதனை தேடுவது அதைத்தான். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ வகை உடம்பில் உற்பத்தியாவதே கிடையாது. அவர்களிடம் எவ்வளவு தேடினாலும் நெகட்டிவ்தான் வரும். பரீட்சைக்கு வராத பையனுக்கு ஆப்சென்ட் என்று போடுவோம், சைபர் போடமாட்டோம் இல்லையா? டோட்டல் ஐஜிஏ இல்லாமல் அந்த நெகட்டிவ் ஆப்சென்ட்டா சைபரா என்று யாராலும் சொல்ல முடியாது. சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்தக் குறை உண்டு. பொதுமக்களில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம்.

பேத்திக்கு டோட்டல் ஐஜிஏ எடுத்தார்கள். ஏழு மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்கிறார்கள். அவளுக்கு ஐந்துகூட இல்லை. பிறகு ஐஜிஜி வகையில் டி.ஜி.பி. என்ற பரிசோதனை செய்தார்கள். அது பாசிட்டிவ். எண்டோஸ்கோப்பியில் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். ஒரு வருடம் வீணாகிவிட்டது. வளர்கிற வயதில் ஒரு வருடம்.

பழைய லேபுக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "பேக்கேஜ்ல அது வராது சார். தனியா பில் போட்டிருக்கணும்." அப்படியானால் அன்றைக்கே ஒரு போன் செய்து, "டாக்டர் எழுதியதில் ஒன்று இதில் சேராது, எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கலாமே? பையனிடம் பதில் இல்லை. அவனைத் திட்டி என்ன பயன்? சீட்டை வாங்கிப் பக்கத்திலிருந்த பேக்கேஜ் அட்டையைப் பார்த்து பில் போடச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான் லேப் என்றால் என்ன என்று விசாரிக்கத் தொடங்கினேன். என் பழைய மாணவி ஒருத்தி பெரிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் சொன்னதில் முதல் விஷயமே எனக்குப் புதிது. "சார், நீங்க ரத்தம் கொடுத்த இடம் லேப் இல்லை. அது கலெக்‌ஷன் சென்டர். ஊசி போட்டு எடுத்து வேற ஊருக்கு அனுப்புவாங்க." வெளியூருக்கு அனுப்புவது தப்பா என்றேன். சிரித்தாள். "இந்த டெஸ்ட்டுக்கு அதுதான் பல சமயம் நல்லது சார். எலைசா தட்டுல 96 குழி இருக்கும். நம்ம ஊர்ல சீலியாக் கேட்டு வர்றதே குறைவு. ஒரு சாம்பிளுக்காகத் தட்டு போடமாட்டாங்க. சேரட்டும்னு வச்சிருப்பாங்க. தினமும் நிறைய பார்க்கிற இடத்துல கையும் பழகியிருக்கும், கருவியும் சரியா இருக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்து 2016இல் வெளியான ஆய்வில், சீலியாக்குக்கான எதிர்ப்புப் புரதம் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. இதற்கான மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. தட்டில் விழும் கோதுமைதான் வேறு. இப்போது நம் வீடுகளிலும் ராத்திரி என்றால் சப்பாத்தி என்று ஆகிவிட்டது. இனி இங்கேயும் இந்தப் பரிசோதனையை அடிக்கடி எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் கருத்தில், கவுண்டரில் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை. "இதை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் ரத்தம் கொடுக்காதீர்கள். ஊரும் ஆய்வகத்தின் பெயரும் சொன்னால் என்.ஏ.பி.எல். இணையதளத்தில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். சுவரில் என்.ஏ.பி.எல். சின்னம் தொங்குவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனி என்பதை நான் அறுபத்தி மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அங்கீகாரம் வாங்கிய ஆய்வகம் டி.டி.ஜி.க்கு வாங்கியிருக்க வேண்டும் என்று இல்லை. எவையெல்லாம் அதில் அடங்கும் என்ற பட்டியல் அந்தத் தளத்திலேயே இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள்.

பேக்கேஜ் விஷயத்தில் இன்னும் ஒன்று. ஆன்டி கிளையடின் என்ற பழைய பரிசோதனையை இன்னும் சில இடங்களில் சேர்த்து விற்கிறார்கள். டி.டி.ஜி. வந்தபின் நோயைக் கண்டுபிடிக்க அதை யாரும் பரிந்துரைப்பதில்லை. அதேபோல "நூறு உணவுகளுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை" என்று ஐஜிஜி பட்டியல் ஒன்று ஆயிரக்கணக்கில் விற்கிறது. அதற்கும் சீலியாக்குக்கும் சம்பந்தமே இல்லை. பேத்தி விஷயத்தில் ஐஜிஜி என்று சொன்னேனே, அது வேறு, இது வேறு. இந்தப் பட்டியலை முன்னால் நிறுத்தி விற்கிற லேப் மீது எனக்கு நம்பிக்கை வராது. வேறு எதையும் சரியாகச் செய்யலாம், ஆனால் எனக்கு வராது.

நல்ல லேபையும் நாமே கெடுத்துவிடலாம். சந்தேகம் என்றதும் பலர் வீட்டில் கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் அந்தப் புரதம் மெல்ல இறங்கி, நோய் இருந்தும் நெகட்டிவ் வரும். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஆறு வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார். வெறும் வயிறு தேவையில்லை.

நோய் உறுதியானபின் லேபை மாற்றாதீர்கள். ஒரு கம்பெனி கிட்டில் 20க்கு மேல் பாசிட்டிவ் என்றால் இன்னொன்றில் 10க்கு மேல் பாசிட்டிவ். அங்கே 80, இங்கே 40 என்றால் பாதியாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரு பள்ளியில் 50க்கு வாங்கிய மார்க்கையும் இன்னொரு பள்ளியில் 100க்கு வாங்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போலாகிவிடும்.

பேத்தி கோதுமையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. கடைப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலப்பார்கள் என்று தெரிந்து என் மனைவி இரண்டு நாள் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகப் படித்தாள். ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டிருக்கிறது. கதவுநிலையில் பென்சில் கோடு நான்கு சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது. கேசரி இப்போது அரிசி ரவையில். "முன்ன மாதிரி இல்ல தாத்தா" என்கிறாள். உண்மைதான், முன்ன மாதிரி இல்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதக் கடைசியில். சீட்டின் ஜெராக்ஸ் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அவர்கள் பில் போடும்போது ஒவ்வொரு பெயராக டிக் அடிப்பேன், ரிப்போர்ட் வந்ததும் இன்னொரு முறை.

நண்பரே, இதைப் படித்தீர்களானால் மருமகளின் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கவுண்டருக்கு நானும் கூட வருகிறேன்.